பெட்டி மூடியும் உரிப்பொருளும்: புக்கிட் தெங்காவில் பலகை விளையாட்டுத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

வேனில் பாலைத் திணைக்கு உரியது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. தொல்காப்பியப் பொருளதிகாரம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆகவே கோடை விடுமுறையில் உறவினர் ஒன்றுகூடுவது இலக்கணப்படி திணை மயக்கம். புலவர் எவரும் கவலைப்படாத இந்தச் சிக்கலில் நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், சென்னையிலிருந்து சித்தி அனுப்பிய முப்பத்தெட்டு விநாடிக் குரல் செய்தி.

"மே கடைசில எல்லாரும் வர்றோம்பா. பசங்க கோடை லீவு பூரா போனைத்தான் நோண்டிட்டு இருக்குதுங்க. ஏதாவது தீம் இருக்கிற போர்டு கேமா பாத்து வாங்கி வை."

உரையாசிரியர் மரபுப்படி சொல் சொல்லாகப் பிரித்தேன். முதலில் 'கோடை' என்ற சொல்லே இடித்தது. புக்கிட் தெங்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையும் கொஞ்சமும் தள்ளி இருக்கிறது. இங்கே பெரும்பொழுது ஆறு கிடையாது. காரும் வேனிலும்தான் உண்டு, அவையும் ஒரே பிற்பகலில் வரும். துணி காயப் போடும்போது வேனில், எடுக்க ஓடும்போது கார். கோடை என்று ஒரு பருவம் தனியாக வந்து போவதில்லை. வந்தது போகவே இல்லை என்பதுதான் சரி. ஆனாலும் மே கடைசி வாரத்தில் தமிழ்நாட்டு விடுமுறையின் வாலும் மலேசிய அரையாண்டு விடுமுறையின் தலையும் சிங்கப்பூரின் ஜூன் விடுமுறைத் தொடக்கமும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். வானிலை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நாட்காட்டி ஒத்துக்கொள்கிறது. எனவே கோடை என்றே கொள்க.

இனி ஆய்வுக்களம். பினாங்கு என்றதும் ஜார்ஜ்டவுன் அஞ்சடியும் சுவர்ச் சித்திரமும் தண்ணீர்மலையும் மட்டும் நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பினாங்கில் பாதி, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய கரை இது. கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கிய கரையும் இதுவே. இன்று செபராங் பிறை. பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையில் ரயில் நின்று போகும் ஊர் எங்களுடையது. கரும்பு போய்த் தொழிற்சாலைகள் வந்துவிட்டன.

ஊர்ப் பெயரில் ஒரு சான்று ஒளிந்திருக்கிறது. மலாயில் 'புக்கிட்' குன்று, 'தெங்கா' நடு. குன்று என்றால் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். (குடும்பப் பத்திரிகை என்பதால் கூடுதல் என்று மட்டும் கொள்க.) நடு என்றால்? தொல்காப்பியர் பாலைக்கு வைத்த பெயரே நடுவுநிலைத் திணை. அதற்கென்று தனி நிலமும் அவர் ஒதுக்கவில்லை. ஆக எங்கள் ஊர்ப் பெயரின் முன்பாதி கூடுதல், பின்பாதி பிரிதல். உறவினர் வந்து போவதற்கென்றே வைத்த பெயர் என்று மொழிநூலார் ஒப்புவர். ஒப்பாதாரும் உளர், அவர்களுக்கு உறவினர் இல்லை.

அடுத்த சொல் 'தீம்'. கடைக்காரர்கள் செய்திருக்கும் வகைப்பாடு பெட்டி மூடியைப் பொறுத்தது. ரயில் படம் போட்டால் ரயில் தீம், ஆட்டு மந்தை போட்டால் பண்ணை தீம், கொள்ளைநோய் போட்டால் மருத்துவ தீம். இது மேம்போக்கான வகைப்பாடு. தெய்வம், உணா, மா, மரம், புள் என்று பொருளதிகாரம் அடுக்குகிறதே, அந்தக் கருப்பொருள்தான் மூடியில் இருப்பது. ஆடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் வெளியே வருவது உரிப்பொருள். அது பெட்டிக்குள் இல்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் முன்பே இருக்கிறது. இதுவே இந்த ஆய்வின் கருதுகோள். இதைச் சோதிக்க ஒன்பது நாள், பதினொரு பேர், நான்கு தலைமுறை, ஒரு மேசைவிசிறி கிடைத்தன.

முதல் சோதனை காட்டான். ஜெர்மனியில் பல் கட்டும் தொழில்நுட்பராக இருந்த கிளாவுஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் வெளிவந்தது. அந்த ஆண்டே அந்நாட்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. தமிழாய்வாளர்கள் இதைத் திறந்து பார்க்காமல் விட்டது பெரும் பிழை. பத்தொன்பது அறுகோண வில்லைகள். காடும் மேய்ச்சல் நிலமும் உண்டு: முல்லை. கதிர் விளையும் வயல்: மருதம். குன்றும் மலையும்: குறிஞ்சி. சுற்றிலும் கடல்: நெய்தல். எஞ்சியது ஒரே ஒரு வில்லை, எதுவும் விளையாத பாலைவனம். ஆட்டம் தொடங்கும்போது அதன்மேல் யாரை நிறுத்தி வைக்கிறார்கள் தெரியுமா? கள்வனை! பாலையில் ஆறலை கள்வர் இருப்பர் என்று நம் புலவர்கள் பாடிப் பாடி ஓய்ந்ததை, பல் கட்டிக்கொண்டிருந்த மனிதர் தாமாகக் கண்டுபிடித்திருக்கிறார். இரு பகடையில் ஏழு விழுந்தால் கள்வன் கிளம்புவான். ஏழு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. வேறு எந்தக் கூட்டுத்தொகைக்கும் அவ்வளவு கிடையாது.

ஐந்திணையும் பொருந்திய பலகை என்ற பெருமிதத்தோடு நடுவீட்டில் விரித்தேன். பெட்டியில் நான்கு பேர் வரை ஆடலாம் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பொருள், நான்கு பேர் ஆடலாம், ஏழு பேர் யோசனை சொல்லலாம்.

செங்கல், மரம், தானியம், தாது எல்லாம் கைமாறின. ஆட்டு ரோமம் மட்டும் யாரும் வாங்கவில்லை. முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் கம்பளி யாருக்கு? "ரோமம் வேணாம்லா, ஆட்டையே குடு" என்றார் மாமா. அந்த நேரம் முதல் அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் மட்டன் சீட்டு. மதிப்பு ஏறிவிட்டது. மூடியிலிருந்த கருப்பொருள் இவ்வாறு முதல் கால் மணியிலேயே திரிந்தது.

பிறகு பண்டமாற்று. "ரெண்டு செங்கல் குடுங்க மாமா, ஒரு மட்டன் தர்றேன்" என்றார் சித்தி. மாமா சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, "செங்கலா? தோட்டத்து வீட்டைப் பிரிச்சப்போ செங்கல் யார் லோரில போச்சு, அதை மொதல்ல சொல்லு" என்றார். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. லோரி என்று ஒரு சீட்டு அந்த விளையாட்டில் இல்லை. விதிப் புத்தகத்தை இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கருதுகோள் முதல் நாளே மெய்யானதால் ஆய்வை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பெட்டிகள் வாங்கியாயிற்று. வாங்கிய விலையைக் கேட்ட அத்தை, அந்தக் காசுக்கு எத்தனை கிலோ இறால் வாங்கியிருக்கலாம் என்று வேறு கணக்குச் சொல்லிவிட்டார்.

மருதத்துக்கு உரிய ஊடலை வளர்க்க நிலம் வாங்கி விற்கும் விளையாட்டுக்கு நிகரில்லை. சென்னைப் பிள்ளைகள் அதை டிரேட் என்கிறார்கள். இங்கே நாங்கள் ஆடி வளர்ந்தது சைடினா, மலேசியப் பதிப்பு. இரண்டுக்கும் மூத்தது மோனோபோலி. அதற்கும் மூத்தது, எலிசபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் விளையாட்டு. வாடகை வாங்கி வாங்கி ஒருவன் கொழுப்பதும் மற்றவர்கள் நடுத்தெருவுக்கு வருவதும் எவ்வளவு அநியாயம் என்று மக்களுக்கு உணர்த்தவே அவர் அதை உருவாக்கினார். ஆடிய மக்களோ, அந்த ஒருவனாக ஆவது எப்படி என்பதைக் கற்றுக்கொண்டார்கள். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. நிலக்கிழாருக்கு எதிராகப் பலகை போட்டவரிடமிருந்து பலகையே அடிமாட்டு விலைக்குப் போயிற்று. அவலச்சுவைக்கு எடுத்துக்காட்டு தேடும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் சைடினாவில் நடந்ததை முழுக்க எழுதினால் குடும்பத்தில் எனக்குச் சோறு கிடைக்காது. சுருக்கமாக: பதினான்கு வயது அக்கா மகள் எல்லா ஊரையும் வாங்கிவிட்டாள். சித்தப்பா வாடகை கட்டப் பணமில்லாமல் ஊர்களை வங்கியில் அடகு வைத்தார். அவர் நிஜத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு கிரேஸ் பீரியட் குடும்மா" என்று கேட்டார். அவள் கொடுக்கவில்லை. அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். சமாதானம் பேசப் பாணனும் பாங்கனும் போவது மரபு. எங்கள் வீட்டில் ஒரு தட்டு முறுக்கும் தே தாரேக்கும் போயின. இருபது நிமிடத்தில் ஊடல் தணிந்தது.

ரயில் தீம் பற்றி ஒரு பத்தி போதும். டிக்கெட் டு ரைட் 2004இல் வந்தது, அழகான பலகை, ஒருவருக்கு நாற்பத்தைந்து குட்டிப் பெட்டிகள். மாமா கே.டி.எம்மில் முப்பத்திரண்டு வருஷம் சிக்னல் பார்த்தவர். ஒருவர் பிடித்த தடத்தை மற்றவர் பிடிக்க முடியாது என்ற விதியை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு லைனை ஒருத்தனுக்கே குடுத்துட்டா மத்த ரயில் எல்லாம் எங்க போகும்? பறந்து போகுமா? எவன்டா இவனுக்கு டிராபிக் சொல்லிக் குடுத்தது?" அன்று ஆட்டம் நடக்கவில்லை. ஒற்றைத் தடக் காலத்தில் சாவித் தண்டை ஓட்டுநர் கையில் மாற்றிக் கொடுக்கும் முறை பற்றி ஒன்றரை மணி நேர வகுப்பு நடந்தது. பிள்ளைகள் வாய் மூடாமல் கேட்டார்கள். இதை வெற்றி என்று பதிவதா தோல்வி என்று பதிவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

கொள்ளைநோய் தீம் உள்ள பாண்டமிக் 2008ஆம் ஆண்டு விளையாட்டு. எல்லோரும் ஒரே அணியாக நின்று நான்கு நோய்களை விரட்ட வேண்டும். 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டில் இதே வீட்டில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் நாங்கள். அப்பத்தா மூடியைப் பார்த்தார். "இதைக் காசு குடுத்து வேற வாங்குனியா?" என்றார். பெட்டி மேல்தட்டுக்குப் போயிற்று. நெய்தலின் இரங்கல் இவ்வாறு பெட்டி திறக்காமலே நிறைவேறிற்று.

சொல் விளையாட்டு எதற்காக விடுபட்டது என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கிய மண் இது. கேட்க உரிமை உண்டு. ஆங்கில ஸ்கிராபிளில் எங்கள் நாட்டு கணேஷ் அசீர்வாதம் 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்று வரை போனவர். மலாயில் ஆட சஹிபா இருக்கிறது. தமிழில் செய்வதென்றால், எழுத்துக்கு ஒரு வில்லை என்றாலே 247. ஆங்கிலப் பெட்டியில் மொத்தமே நூறு. பையில் கைவிட்டால் 'ஙௌ' வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

காக்கி லீமா என்று ஜார்ஜ்டவுன் அஞ்சடியையே பலகையாக்கிய விளையாட்டு ஒன்று உண்டு, பினாங்கிலேயே பிறந்தது. உள்ளூர்ப் பற்றுக்கு அதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. காரணம் ஆய்வு நெறியைச் சேர்ந்ததன்று. அந்தப் பலகை தீவோடு நின்றுவிடுகிறது. எங்கள் கரைக்குப் பாலம் இல்லை. 1985 முதல் பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிஜத்தில் இருக்கிறது. 2014இல் இரண்டாவதும் வந்துவிட்டது. அட்டையில் ஒன்றுகூடவா போட முடியாது?

இதற்குள் ஆறு நாள் கழிந்திருந்தன. ஏழாம் நாள் அப்பத்தா தம் பெட்டியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்தார். இங்கே ஆய்வு முல்லைக்குள் நுழைகிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். தாயம் விழாமல் காய் இறங்காது என்ற ஒரே விதியைக் கொண்டு, உலகத்தில் வேறு எந்த விளையாட்டும் மனிதனை இப்படிக் காக்க வைத்ததில்லை.

கணக்கு எளிது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் பதினாறு விழுகை. அவற்றில் ஒன்று வருவது இரண்டு. ஆக எட்டில் ஒரு வாய்ப்பு. சிங்கப்பூர் அத்தைக்கு இருபத்து மூன்று முறை உருட்டியும் விழவில்லை. கட்டை நேர்மையானது என்றால் இப்படி நடக்க நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான். கட்டை நேர்மையானது என்று அப்பத்தா சூடம் அடித்துச் சொல்லத் தயாராக இருந்தார். அத்தையின் நேர்மையைப் பற்றி மாமா சில ஐயங்களை எழுப்பினார். அவை இங்கே விடப்படுகின்றன.

இங்கிலாந்தில் இதன் பங்காளியான பச்சீசியை எடுத்து, காத்திருப்பைக் குறைத்து, 1896இல் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். பரமபதத்துக்கு நேர்ந்ததும் அதுவே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடிய அந்தப் படத்தில் பாம்புக்கெல்லாம் அசுரர் பெயர். கடிபட்டவன் கீழே போவது தண்டனை. ஏணியில் ஏறுவது புண்ணியம். தீமும் விதியும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்த விளையாட்டு அது. 1890களில் இங்கிலாந்துக் கடைகளுக்கு ஏறிய பாம்பும் ஏணியும் நாளடைவில் அந்தப் பெயர்களையெல்லாம் உதறிவிட்டன. இன்றைய பாம்பு கடித்தால் காரணம் கிடையாது, வெறும் கடி. தீம் உள்ள விளையாட்டு ஜெர்மன்காரர்களின் புதுமை என்று பேசுவோர் வீட்டில் பாட்டி இல்லை என்று ஊகிக்கலாம்.

இருபத்து நான்காம் உருட்டில் அத்தைக்குத் தாயம் விழுந்தது. பதினொரு பேரும் கத்தியதில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். லோரிச் செங்கல் விவகாரத்துக்குப் பிறகு மாமாவும் சித்தியும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். எனவே முல்லையில் குறிஞ்சி மயங்கும் என்க.

நேர்மை கருதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா இரவும் பதினொன்றரை மணி வரை ஓயாமல் ஆடப்பட்டது கேரம். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு, கொஞ்சம் பவுடர். மூடியும் இல்லை, தீமும் இல்லை. ஆகவே ஆய்வு வரம்புக்குள் வராது. இதைச் சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட எண்ணியிருந்தேன்.

பத்தாம் நாள் காலை சென்னைக்காரர்கள் பாலம் தாண்டி விமான நிலையத்துக்கும், சிங்கப்பூர்க்காரர்கள் தெற்கே காரிலும் கிளம்பினார்கள். நடுக்கூடத்தில் பெட்டிகளை அடுக்கினேன். மட்டன் சீட்டு ஒன்று குறைந்தது. நாற்காலி மெத்தைக்கு அடியில் கிடைத்தது. வெயில் ஏறியது.

அப்பத்தா பல்லாங்குழியை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டார். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதுவும் உடன்பிறப்புகள். அதில் இரண்டு முனையிலும் வீட்டுக்குழி கூடுதலாக உண்டு, இதில் பதினான்கோடு சரி. ஆடக் கொட்டை இல்லை. புளியங்கொட்டை முழுவதையும் சிங்கப்பூர்ப் பேத்தி ஏதோ பள்ளிக்கூட வேலைக்கென்று அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அப்பத்தா மைலோ டின்னைக் கவிழ்த்தார். பத்துக் காசு நாணயங்கள். 1989இல் வந்த வரிசை, அதன் பின்பக்கம் சொங்காக் பலகையே பொறித்திருக்கும். பலகையின் குழிக்குள் பலகை பொறித்த காசு. நாணயவியலாருக்கு இது தனிக் கட்டுரை.

"யாரோட ஆடுறீங்க அப்பத்தா?"

"சீதைப்பாண்டிக்கு ஆள் எதுக்கு?"

அசோகவனத்தில் சீதை தனியே இருந்து ஆடியது என்று சொல்வார்கள். ஒருவர் ஆடும் ஆட்டம். பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு பத்து.

"ஒரு காசு குறையுதுடா. ஒன் பையில இருக்கா பாரு."

இருந்தது. 2012க்குப் பின் வந்த புதுக் காசு, பலகை இல்லாதது. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பரவால்ல, போடு" என்றார்.